ஒற்றை வரியில் பிழைத்த கொடி

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கிறது நார்தம்பர்லாந்து. நம் மாவட்டத்துக்கு ஏறத்தாழ இணையான பிரிவை அங்கே கவுண்டி என்பார்கள். சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதில் பெரும்பகுதி குன்றும் மேய்ச்சல் நிலமும். மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த ஆங்கிலக் கவுண்டிகளில் இதுவும் ஒன்று. வீட்டு வாசல்களிலும் ஊர்ப் பொது இடங்களிலும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கொடி பறக்கிற ஊர் அது.

கொடியைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். மேல்பாதி முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறிச் செங்குத்துப் பட்டைகள். கீழ்ப்பாதியிலும் அதே பட்டைகள்தாம், நிறம் மட்டும் இடம் மாறியிருக்கும். சிவப்புக்கு நேர் கீழே மஞ்சள், மஞ்சளுக்கு நேர் கீழே சிவப்பு. இரண்டு பாதிகளும் சந்திக்கிற கோடு கோட்டை மதிலின் உச்சியைப் போல ஏறி இறங்கிப் போகிறது. அதனால் ஒரு பட்டை நடுவைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கும். பக்கத்துப் பட்டை நடுவுக்கு முன்பே நின்றிருக்கும். துண்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இது ஹேட்ரியன் சுவரின் கற்கள் என்பார்கள் அவ்வூர்க்காரர்கள். ரோமானியர்கள் கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய அந்தச் சுவர், 117 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த வட்டாரத்தைக் குறுக்கே வெட்டிப் போவது.

இந்தக் கொடிக்கு என்ன வயது? சட்டப்படி கேட்டால், இந்த வடிவம் 1951இல் பிறந்தது. மக்கள் கைக்கு எப்போது வந்தது என்று கேட்டால், 1995இல். ஊர்க்காரர்களிடம் கேட்டால் 1,300 ஆண்டுகளுக்கு மேல் என்பார்கள். அந்த மூன்றாவது விடையை வெறும் ஊர்ப்பெருமை என்று தள்ளிவிட முடியாது. கொடியின் நிறங்கள் ஒரு கல்லறையின் மேலே வைத்த துணியிலிருந்து வந்தவை. அந்தத் துணி எப்போதோ மக்கிப் போயிற்று. அதைப் பற்றி ஒரு துறவி எழுதிய ஒரே ஒரு வரி மட்டும் மக்காமல் கிடந்தது. கொடி வந்து சேர்ந்தது அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான்.

கதை ஆஸ்வால்டு என்ற அரசனிடம் தொடங்குகிறது. ஏழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஒரு நாடாக இருக்கவில்லை. சிறு சிறு அரசுகள். வடக்கே இருந்த நார்தம்ப்ரியா இரண்டு நிலங்கள் சேர்ந்தது: வடபாதி பெர்னீசியா, தென்பாதி டெய்ரா. பெர்னீசியாவின் கோட்டை கடலோரப் பாறை மேல் இருந்த பாம்பரோ. ஆஸ்வால்டின் தந்தை 616இல் போரில் மாண்டார். பிள்ளைகள் ஊரை விட்டு ஓடி வடக்கே கேல் மக்களிடமும் அயோனாத் தீவுத் துறவிகளிடமும் வளர்ந்தார்கள். 634 வாக்கில் ஆஸ்வால்டு சிறு படையோடு திரும்பி வந்து, ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் ஹெவன்ஃபீல்டு என்ற இடத்தில் மரச்சிலுவை ஒன்றை நட்டுவிட்டுப் போருக்குப் போனார், வென்றார். குழிக்குள் மண் போட்டு இறுகும்வரை சிலுவையைத் தன் இரு கைகளாலேயே பிடித்துக்கொண்டு நின்றார் என்று சொல்லப்படுகிறது. அயோனாவிலிருந்து எய்டன் என்ற துறவியை வரவழைத்து லிண்டிஸ்ஃபார்ன் தீவில் குடியமர்த்தினார். எய்டனுக்கு ஆங்கிலம் சரியாக வராததால் அவர் போதிக்கும்போது அரசரே பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொன்னாராம்.

ஒன்பது ஆண்டு ஆட்சி. 642 ஆகஸ்ட் 5ஆம் தேதி, மேசர்ஃபீல்டு என்ற இடத்தில், மத்திய இங்கிலாந்தின் மெர்சியா அரசன் பெண்டா அவரைக் கொன்றான். அப்போது ஆஸ்வால்டுக்கு வயது 38. தலையையும் கைகளையும் வெட்டிக் கம்பத்தில் மாட்டி வைக்கச் சொன்னான். அடுத்த ஆண்டு ஆஸ்வால்டின் தம்பி ஆஸ்வியு படையோடு வந்து, தலையை லிண்டிஸ்ஃபார்னுக்கும் கைகளைப் பாம்பரோவுக்கும் கொண்டு போனார். மிச்ச உடல் எதிரி நாட்டிலேயே கிடந்தது.

இங்கே ஆஸ்திரித் வருகிறாள். இந்தக் கொடியின் கதையில் எனக்கு முக்கியமானவள் அவள்தான். ஆனால் கொடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவள் பெயரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆஸ்திரித் ஆஸ்வியுவின் மகள். ஆஸ்வால்டுக்குத் தம்பி மகள். அவளைக் கட்டிக்கொடுத்தது மெர்சியா அரசன் ஏதெல்ரெட்டுக்கு. அவன் யார்? பெண்டாவின் மகன். பெரியப்பாவைக் கொன்றவன் மருமகளாக அவள் மெர்சியாவுக்குப் போனாள். கணக்கு அந்தப் பக்கமும் பாக்கியிருந்தது: 655இல் பெண்டாவைப் போரில் வீழ்த்தியது அவளுடைய அப்பா ஆஸ்வியு. இரண்டு வீட்டுக்கும் நடுவே இரத்தக் கடன் இருக்கும்போதே நடந்த கல்யாணம் அது. பகையை முடித்து வைக்கப் பெண்ணைக் கொடுப்பது அக்கால வழக்கம். ஆனால் பகை முடியவில்லை. 679இல் டிரெண்ட் ஆற்றங்கரையில் புருஷன் படைக்கும் பிறந்த வீட்டுப் படைக்கும் போர் மூண்டது. அதில் அவள் தம்பி எல்ஃப்வின் செத்தான், பதினெட்டு வயதுப் பிள்ளை. இரண்டு நாட்டிலும் அவனைப் பிடிக்காதவர் இல்லை. பேராயர் தியோடர் நடுவே புகுந்து, உயிருக்கு ஈடாகப் பணம் கொடுக்கச் செய்து, மேற்கொண்டு இரத்தம் சிந்தாமல் தடுத்தார்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஆஸ்திரித் தன் பெரியப்பாவின் எலும்புகளை எடுத்து முறையாக அடக்கம் செய்ய முனைந்தாள். அவள் தேர்ந்தெடுத்த இடம் பார்ட்னி. இன்றைய லிங்கன்ஷயரில், அன்றைய லிண்ட்ஸி என்ற நிலப்பகுதியில் இருந்த மடம் அது. அவளும் கணவனும் மிகவும் நேசித்து ஆதரித்த இடம்.

ஒரு சாயங்காலம் எலும்புகளை ஏற்றிய வண்டி மடத்து வாசலுக்கு வந்து சேர்ந்தது. துறவிகள் கதவைத் திறக்க மறுத்தார்கள். ஆஸ்வால்டு புனிதர் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அவர் வேற்று நாட்டவர்; படையோடு வந்து தங்கள் மண்ணை ஆண்டவர். உயிரோடு இருந்தபோது இருந்த வெறுப்பைச் செத்த பிறகும் விடவில்லை. அரசியே கொண்டு வந்தும் பயனில்லை. எலும்புகள் இரவு முழுக்க வெளியே கிடந்தன. வண்டிக்கு மேலே பெரிய கூடாரம் ஒன்றை மட்டும் விரித்து மூடினார்கள்.

அன்றிரவு அந்த வண்டியிலிருந்து வானம்வரை ஓர் ஒளித்தூண் எழுந்து நின்றதாகவும், லிண்ட்ஸி முழுக்க எங்கிருந்து பார்த்தாலும் அது தெரிந்ததாகவும் கதை. விடிந்ததும், முந்தின நாள் மறுத்த துறவிகளே எலும்புகளைத் தங்களிடம் தரும்படி கெஞ்சினார்கள். எலும்புகளைக் கழுவிப் பேழையில் வைத்துக் கோயிலுக்குள் சேர்த்தார்கள். கழுவிய தண்ணீரைக் கோயிலின் ஒரு மூலையில் கொட்டினார்கள். அந்த மண்ணுக்குப் பேயை விரட்டும் சக்தி உண்டு என்ற நம்பிக்கை பிறகு வந்தது. லிங்கன்ஷயரில் இன்றும் ஒரு வழக்கு உண்டு: கதவைச் சாத்தாமல் வருகிறவனைப் பார்த்து, நீ பார்ட்னியிலிருந்து வருகிறாயா என்று கேட்பார்கள். அந்த இரவுக்குப் பிறகு பார்ட்னித் துறவிகள் வாசற்கதவை மூடுவதே இல்லை என்பது அதன் பின்கதை.

பேழையைக் கோயிலுக்குள் வைத்த பிறகு, புனிதரின் அரசத் தகுதி என்றைக்கும் நினைவில் இருக்க வேண்டும் என்பதற்காக, பொன்னாலும் ஊதாவாலும் ஆன அவருடைய கொடியைக் கல்லறைக்கு மேலே வைத்தார்கள்.

அவ்வளவுதான். கொடியைப் பற்றி நமக்கு எஞ்சியிருக்கும் சாட்சியம் முழுவதும் இதுவே. இதை எழுதியவர் பீட். டைன் ஆற்றின் தென்கரையில் ஜாரோ மடத்தில் வாழ்ந்த துறவி. ஏழு வயதில் மடத்தில் சேர்க்கப்பட்டு, வாழ்நாளெல்லாம் படிப்பும் எழுத்துமாகக் கழித்தவர். 731இல் அவர் முடித்த ‘ஆங்கில மக்களின் திருச்சபை வரலாறு’ நூலின் மூன்றாம் பகுதியில் இந்த நிகழ்ச்சி வருகிறது. லிண்ட்ஸிச் செய்திகளை ஆயர் சைனபெர்ட்டின் கடிதங்கள் வழியாகவும் நம்பத்தக்கவர்கள் வாய்மொழியாகவும் பெற்றதாக முன்னுரையில் அவரே சொல்கிறார். யாரோ பார்த்துச் சொன்னதைக் கேட்டு இவர் எழுதினார். அதை வைத்துக்கொண்டுதான் இன்றைய கொடி பறக்கிறது.

கொடி பிடிப்பது நார்தம்ப்ரிய அரசர்களுக்குப் புதிதன்று. ஆஸ்வால்டின் தாய்மாமன் எட்வின் ஆண்ட காலத்தில், போரில் மட்டுமல்லாமல் அமைதிக் காலத்தில் ஊர் ஊராகப் போகும்போதும் அவருக்கு முன்னால் கொடி பிடித்துப் போனார்கள் என்று அதே நூலில் பீட் எழுதுகிறார். பார்ட்னியில் வைத்த கொடி அந்த மரபில் வந்தது. தோற்றுச் செத்த அரசனின் கொடியை, தோற்கடித்தவன் மகன் ஆளும் நாட்டில், ஒரு கோயிலுக்குள் பகிரங்கமாக வைப்பது சின்னக் காரியமா?  ஆஸ்திரித்தின் நெஞ்சுறுதி எனக்கு அந்த இடத்தில்தான் தெரிகிறது. 697இல் மெர்சியப் பிரபுக்கள் அவளைக் கொன்றார்கள். காரணத்தை பீட் சொல்லவில்லை. 704இல் ஏதெல்ரெட் அரியணையைத் துறந்து துறவியானான். பிறகு பார்ட்னி மடத்துக்கே தலைவனானான். மனைவி கட்டிக்காத்த கல்லறைக்குப் பக்கத்திலேயே அவன் கடைசிக் காலம் கழிந்தது.

அந்தத் துணி எப்படி இருந்திருக்கும்? ஊதா என்று பீட் சொல்லும் நிறத்துக்கு அவர் நூலிலேயே ஒரு துப்பு கிடைக்கிறது. முதல் அத்தியாயத்தில் பிரிட்டனின் வளங்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது, கடல் நத்தைகளிலிருந்து எடுக்கும் ஒரு சாயத்தைப் பற்றி எழுதுகிறார். எந்த வெயிலிலும் வெளுக்காது, எந்த மழையிலும் கரையாது, நாள் ஆக ஆக அழகு கூடும் என்று அந்தச் சிவப்பைப் புகழ்கிறார். வடகடல் பாறைகளில் ஒட்டிக் கிடக்கும் சிறு நத்தைகள் அவை. ஓட்டை உடைத்தால் உள்ளே வெளிறிய ஒரு சுரப்பி. அதன் திரவத்தைத் துணியில் தடவி வெயிலில் வைத்தால் முதலில் மஞ்சள், பிறகு பச்சை, பிறகு நீலம் கலந்து, கடைசியில் ஊதா கலந்த சிவப்பில் வந்து நிற்கும். ஒரு முழத் துணிக்குச் சாயமேற்றக் குவியல் குவியலாக நத்தை வேண்டும். கடல் கடந்து வந்த விலையுயர்ந்த பட்டாகவும் அந்தத் துணி இருந்திருக்கலாம். எப்படி இருந்தாலும் அரசர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகிற பொருள்.

பொன் என்றால் மஞ்சள் நூல் என்று எண்ண வேண்டாம். பொன்னைத் தகடாக அடித்து, முடியகலத்துக்கு நாடாவாக வெட்டி, பட்டிழை மேல் சுற்றிச் செய்வார்கள். அப்படிப்பட்ட இழையைத் துணியின் மேல் படியவைத்து, கண்ணுக்குத் தெரியாத பட்டு நூலால் தைத்து இறுக்குவார்கள். ஆங்கிலேயப் பெண்கள் அந்த வேலையில் ஐரோப்பா முழுக்கப் பெயரெடுத்திருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசி எல்ஃப்லெட் செய்யச் சொன்ன பொன்னிழைத் தோள்பட்டி ஒன்று இன்றும் டர்ஹம் பேராலயத்தில் இருக்கிறது. அது கிடைத்த விதமும் நம் கதையைத் தொடுகிறது. ஆஸ்வால்டின் தலையை லிண்டிஸ்ஃபார்னில் வைத்தார்களே, அதைப் பிறகு புனித கத்பெர்ட்டின் சவப்பெட்டிக்குள் சேர்த்தார்கள். 875இல் வைக்கிங்குகளுக்கு அஞ்சித் துறவிகள் தீவை விட்டுக் கிளம்பியபோது அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 995இல் டர்ஹமில் வந்து நிலைத்தார்கள். 1827இல் பெட்டியைத் திறந்தபோது கத்பெர்ட்டின் எலும்புகளோடு வேறொரு மண்டையோடும், எல்ஃப்லெட்டின் தோள்பட்டியும் கிடந்தன. ஆஸ்வால்டின் கொடியில் என்ன மாதிரிப் பொன்வேலை இருந்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய துணி அது.

பார்ட்னியில் இருந்த கொடிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. எட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மெர்சிய அரசன் ஆஃபா கல்லறையை வெள்ளியாலும் பொன்னாலும் மணிகளாலும் அலங்கரித்ததாக யார்க் நகரத்து அறிஞர் அல்குயின் எழுதியிருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் கிழக்கு இங்கிலாந்தைச் சூறையாடினார்கள். 909இல் ஆல்ஃப்ரெட் அரசரின் மகளும் பின்னாளில் மெர்சியாவின் ஆட்சித் தலைவியானவளுமான ஏதெல்ஃப்லெட், ஆஸ்வால்டின் எலும்புகளைப் பார்ட்னியிலிருந்து எடுத்து மேற்கே குளோஸ்டருக்குக் கொண்டு போனாள். மறுபடியும் ஒரு பெண்தான், மறுபடியும் மெர்சியாவின் பேரில்தான். ஆனால் கொடியைப் பற்றிய பேச்சு அதன் பிறகு இல்லை.

துணி போயிற்று, எழுத்து நின்றது. பீட்டின் நூல் அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட பிரதிகளிலேயே இன்றும் கிடைக்கிறது. ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஈலி ஆயர் ஜான் மூர் சேர்த்து வைத்த நூல்களில் அது ஒன்று. முதலாம் ஜார்ஜ் மன்னர் அந்த நூலகத்தை மொத்தமாக வாங்கி 1715இல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்னொன்று எப்படியோ ரஷ்யா போய்ச் சேர்ந்து, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அரசனின் பட்டுக்கும் பொன்னுக்கும் கிடைக்காத ஆயுள், தோலில் மையால் எழுதிய ஒரு வரிக்குக் கிடைத்தது.

இனி கொடியின் இரண்டாம் பிறவி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீரர்கள் கேடயத்தில் குலச்சின்னம் தீட்டத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் அது ஒரு பெரும் கலையாகவும் சட்டமாகவும் வளர்ந்தது. அந்தக் கலையில் ஊறியவர்களுக்கு ஒரு பழக்கம் வந்தது: குலச்சின்னம் என்ற ஒன்றே இல்லாத காலத்து அரசர்களுக்கும், ஏன், ஆதாமுக்கும் ஏவாளுக்கும்கூட, சின்னம் கற்பித்துக் கொடுத்தார்கள். பெர்னீசியாவுக்கு வந்தபோது அவர்கள் கையில் பீட்டின் வரி இருந்தது. பொன், ஊதா. அதைச் செங்குத்துப் பட்டைகளாக ஆக்கிக்கொண்டார்கள்.

பட்டைகள் என்று பீட் எங்கும் சொல்லவில்லை. துணி முழுதும் ஊதாவாகவும் விளிம்பில் மட்டும் பொன்னாகவும் இருந்திருக்கலாம். நடுவில் பொன்னில் ஓர் உருவம் இருந்திருக்கலாம். பட்டை என்பது பிற்காலத்தார் ஊகம். நிறமும் மாறியது. குலச்சின்னக் கலையில் பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். தீட்டும்போது பொன்னுக்கு மஞ்சள் பூசினாலும் போதும். ஊதாவுக்கு அங்கே இடம் உண்டென்றாலும் அபூர்வமாகத்தான் பயன்படும். சிவப்புதான் புழக்கத்தில் இருந்த நிறம். பழைய ஊதாவே சிவப்போடு ஒட்டிய ஊதா என்பதால், மாற்றம் சிரமமில்லாமல் நடந்துவிட்டது. இப்படியாகப் பெர்னீசியாவின் சின்னம் என்று சிவப்பும் பொன்னுமான பட்டைகள் நூல்களில் நிலைபெற்றன. கற்பனைதான். ஆனால் வேரில்லாத கற்பனை என்று சொல்ல மாட்டேன்.

1889இல் இங்கிலாந்து முழுக்கக் கவுண்டி மன்றங்கள் அமைந்தன, நார்தம்பர்லாந்துக்கும் ஒன்று. அந்த மன்றத்துக்கு முறையான குலச்சின்னம் வழங்கப்பட்டது 1951இல். பெர்னீசியாவின் பட்டைகளை அப்படியே கொடுத்துவிடாமல், கேடயத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரித்து, பிரிக்கும் கோட்டை மதில்முனை போல வெட்டி, இரு பாதியிலும் நிறங்களை மாற்றிப் போட்டார்கள். யாருடைய பழைய சின்னத்தோடும் ஒத்துப்போகாத புதுச் சின்னம் வேண்டும் என்பது அந்தத் துறையின் விதி. அந்த விதிக்காகச் செய்த மாற்றம்தான் கொடிக்கு இன்றுள்ள அழகைக் கொடுத்தது என்பது என் எண்ணம். வெறும் பட்டைகளாக விட்டிருந்தால் கண் ஒரு நொடியில் கடந்து போயிருக்கும். கவ்வி நிற்கும் இந்தத் துண்டுகளைப் பார்த்தால் எல்லைச் சுவர் நினைவுக்கு வருகிறது, கோட்டைகள் நினைவுக்கு வருகின்றன, இரண்டு வீட்டுப் பகையும் நினைவுக்கு வருகிறது. கடைசியாகச் சொன்னது 1951இல் வரைந்தவர்கள் மனத்தில் இருந்ததா என்பது வேறு, எனக்குத் தெரிகிறது.

இங்கே ஒரு சட்டச் சிக்கல். இங்கிலாந்தில் குலச்சின்னம் நிலத்துக்குச் சொந்தமாவதில்லை. யாருக்கு வழங்கினார்களோ அந்த நபருக்கோ அமைப்புக்கோதான் சொந்தம். ஆக 1951இல் சின்னம் பெற்றது நார்தம்பர்லாந்து மண்ணன்று, அதன் மன்றம். அந்தச் சின்னத்தைக் கொடியாக விரித்துப் பறக்கவிடும் உரிமை மன்றத்துக்கு மட்டுமே. ஒரு விவசாயி தன் களத்தில் அதை ஏற்றினால் கண்டிப்பாகப் பார்த்தால் தவறு. பல கவுண்டிகள் இந்தச் சிக்கலால்தான் இன்று மன்றச் சின்னத்தை விட்டுவிட்டுப் புதுக்கொடி வரைந்துகொண்டன. ஆஸ்வால்டின் கல்லறை இருந்த லிங்கன்ஷயரே 2005இல் வானொலி வழியாக மக்களிடம் வாக்கெடுத்துப் புதிய கொடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தது.

நார்தம்பர்லாந்து மன்றம் வேறு வழி எடுத்தது. தன் சின்னத்தின் வடிவத்தைக் கவுண்டியின் கொடியாக எல்லோரும் ஏற்றலாம் என்று 1995இல் திறந்துவிட்டது. ஓர் அரசு அமைப்பு தனக்கு மட்டுமே உரிய ஒன்றை மக்களிடம் ஒப்படைப்பது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. அதைப் பெருந்தன்மை என்றே சொல்வேன். பிரிட்டனின் கொடிகளைப் பதிவு செய்யும் ஃபிளாக் இன்ஸ்டிட்யூட் தன் பட்டியலில் இதைச் சேர்த்தது. இங்கிலாந்தில் கொடி ஏற்றுவதும் விளம்பரப் பலகை வைப்பதும் ஒரே விதித்தொகுப்பின் கீழ் வரும். தேசியக் கொடி போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2012இல் அந்த விதிகளைத் தளர்த்தி, கவுண்டிக் கொடிகளை அனுமதி இல்லாமலே ஏற்றலாம் என்றார்கள். 2019 ஜூலையில் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் பிரிட்டனின் கவுண்டிக் கொடிகள் வரிசையாகப் பறந்தன. பார்ட்னி வாசலில் ஓரிரவு உள்ளே விடாமல் நிறுத்தப்பட்டவரின் நிறங்களும் அந்த வரிசையில் இருந்தன.

இடையில் நிர்வாக எல்லைகள் பலமுறை கலைந்தன. 1974இல் வால்சென்டு, கோஸ்ஃபோர்த் போன்ற ஊர்கள் நார்தம்பர்லாந்திலிருந்து பிரிந்து டைன் அண்ட் வேர் என்ற புதிய கவுண்டிக்குப் போய்விட்டன. கொடியைப் பொறுத்தவரை அங்குள்ள பலர் அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டதில்லை. தங்கள் தாத்தா காலத்து நார்தம்பர்லாந்துக்கே இந்தக் கொடி என்பார்கள். இதில் இன்னொன்றும் உண்டு. கொடிக்கு ஆதாரமான வரி எழுதப்பட்ட ஜாரோ, டைன் ஆற்றுக்குத் தெற்கே, டர்ஹம் கவுண்டியின் பழைய எல்லைக்குள் இருக்கிறது. கொடி தொங்கிய பார்ட்னியோ வெகு தெற்கே லிங்கன்ஷயரில். கொடியின் பிறப்புக்குக் காரணமான இரண்டு ஊர்களுமே இன்றைய நார்தம்பர்லாந்துக்கு வெளியே இருக்கின்றன. ஹெவன்ஃபீல்டும் பாம்பரோவும் லிண்டிஸ்ஃபார்னும் உள்ளே.

வரலாறு தெரிந்த சிலர் இந்தக் கொடியைப் போலி என்று ஒதுக்குவதுண்டு. ஊதாவைச் சிவப்பாக்கினார்கள், இல்லாத பட்டையைச் சேர்த்தார்கள், ஏழாம் நூற்றாண்டு அரசனுக்குப் பிற்காலக் கேடயம் மாட்டினார்கள் என்பது அவர்கள் வாதம். ஒவ்வொன்றும் உண்மையே. ஆனாலும் அந்த முடிவு எனக்கு ஏற்புடையதில்லை. கல்லறைக்கு மேலே துணியை வைத்தவர்களின் நோக்கம் அந்த அரசனின் நினைவு அழியக்கூடாது என்பது. பீட் அதை எழுதியதற்கும் அதே நோக்கம். பட்டை போட்டவர்களும் அந்த வரியைப் படித்துத்தான் போட்டார்கள். 1951இலும் 1995இலும் அந்த நிறங்களைத் தேடியே போனார்கள். ஒவ்வொரு கையிலும் துணி கொஞ்சம் மாறியது. ஆஸ்வால்டை நினைப்பது மாறவில்லை. வாக்கெடுத்து நேற்று வரைந்த எத்தனையோ கொடிகளில் மலைக்கு ஒரு பச்சை, கடலுக்கு ஒரு நீலம் என்று நிறத்துக்கு அர்த்தம் ஒட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் கொடிக்கு அந்தத் தேவை இல்லை. அதன் நிறங்களுக்கு ஒரு நாளும் ஓர் இடமும் ஒரு மனிதரும் இருக்கிறார்கள்.

ஒரு மனிதர் என்றேன். இருவர் என்பதே சரி. கொடியின் வரலாற்றைச் சொல்லும் துண்டு அறிக்கைகளிலும் பலகைகளிலும் ஆஸ்வால்டின் பெயரும் பீட்டின் பெயரும் வருகின்றன. ஆஸ்திரித்தின் பெயர் அவற்றோடு சேர வேண்டும். அவள் அந்த எலும்புகளை எடுத்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால் பார்ட்னியில் கல்லறை இல்லை, அதன் மேல் கொடி இல்லை, பீட் எழுத வரி இல்லை. நார்தம்பர்லாந்துப் பள்ளிகளில் கொடி ஏற்றும் நாளில் பிள்ளைகளுக்கு அவளைப் பற்றிச் சொல்வது பெரிய காரியமில்லை. மன்றம் தன் கொடிக் குறிப்பில் ஒரு வரி கூட்டுவதும் பெரிய செலவில்லை. அந்தப் பக்கம் பயணம் போகும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாம்பரோ கோட்டையையும் லிண்டிஸ்ஃபார்னையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். லிங்கன் நகரத்துக்குக் கிழக்கே பார்ட்னி இருக்கிறது. மடத்தின் சுவர்கள் இல்லை, புல் மூடிய மண்மேடுகள்தாம் இருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.